முன் அனுமதி இல்லாத மன்னிப்பு

ககோஷிமா
மார்ச் 4, 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிளம் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. சகுராஜிமா எரிமலையின் சாம்பல்தான் நின்றபாடில்லை. இன்றைக்கும் காயப்போட்ட குழந்தைத் துணிகளை இரண்டு முறை அலசினேன். உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? கோஹாருவுக்கு ஏழு மாதம் முடிந்தது. கழுத்தில் சொறி வந்திருக்கிறது. சாம்பலாலா, பாலாலா என்று தெரியாமல் தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும்.

போன மாதம் பதினொன்றாம் தேதி இவர் ஓட்டிவந்த விமானம் தீவிலிருந்து திரும்பும்போது திடீரென்று சரிந்து விழுந்து மீண்டது. பத்தொன்பது பேர் உட்காரும் சின்ன விமானம். கீழே விழுந்த பையை எடுக்க பெல்ட்டைத் தளர்த்தியிருந்த ஒரு அம்மாவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இவாகிரி என்று பெயர். தீவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். "ரெண்டு நிமிஷம் முன்னாடி பெல்ட் விளக்கைப் போட்டிருக்கணும்" என்று அன்று வீட்டுக்கு வந்ததும் ஷுன்பெய் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. விசாரணை முடியும்வரை அவரை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த அம்மாவை யாரும் போய்ப் பார்க்கக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது, வீட்டுத் தொலைபேசியில்கூட இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று கம்பெனி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னார்களாம். பக்கத்து வீட்டு நாய் குழந்தையின் செருப்பைக் கடித்ததற்கே அவர்கள் குடும்பத்தோடு வந்து வாசலில் குனிந்து நின்றார்கள். நாங்கள் ஒருவருடைய கையை உடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். விமானம் விழுந்தால் யார் நஷ்டஈடு தருவது என்று ஊர் ஊராக மாநாட்டில் பேசுகிற வக்கீல் நீங்கள். குனிந்து வணங்குவது எப்படித் தப்பாகும் என்று எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்
தங்கை ஷிஹோ


சிங்கப்பூர்
மார்ச் 19, 1998

அன்புள்ள ஷிஹோவுக்கு,

ஹோட்டல் தாளில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். வெளியே வேர்த்துக் கொட்டுகிறது. மாநாட்டு மண்டபத்தின் உள்ளே முந்நூறு வக்கீல்கள் கோட்டு மேல் கோட்டு போட்டு நடுங்குகிறோம். வயிறு பரவாயில்லை. சொறிக்கு மருத்துவரிடம் காட்டு. பூதக்கண்ணாடியைப் பூட்டி வை.

உன் கேள்விக்கு வருகிறேன். பாலிசியில் ஒரு விதி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி வாங்காமல், விமானக் கம்பெனியோ அதன் ஊழியரோ "தப்பு எங்களுடையது" என்று ஒப்புக்கொள்ளக்கூடாது. ஒப்புக்கொண்டால், "எங்களைக் கேட்காமல் நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் விலகிவிடலாம். உங்களுடையது மாதிரி சின்னக் கம்பெனியால் தாங்க முடியாது. கடைசியில் கைக்குச் சிகிச்சை கிடைக்காமல் நிற்பது அந்த இவாகிரி அம்மாதான்.

நேற்று தேநீர் இடைவேளையில் லண்டனிலிருந்து வந்த ஒரு இன்சூரன்ஸ்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஊர்ல காலை மிதிச்சவனும் மன்னிப்பு கேக்கறான், மிதிபட்டவனும் கேக்கறான். இதுக்கு நான் எப்படிய்யா பிரீமியம் போடறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எங்கே மரியாதை முடிகிறது, எங்கே ஒப்புதல் தொடங்குகிறது? அக்டோபரில் கொரியாவில் நடக்கும் சோல் மாநாட்டில் இதைப் பற்றித்தான் பேசலாம் என்றிருக்கிறேன்.

அதுவரைக்கும் யாரும் போகவேண்டாம். நீயும்தான். ஷுன்பெய்யைச் சாப்பிட வை.

அண்ணன் தகாயுகி


ககோஷிமா
மார்ச் 29, 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

செர்ரி மொட்டு விட்டிருக்கிறது. நீங்கள் நலமாக டோக்கியோ திரும்பியிருப்பீர்கள். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் சனிக்கிழமையே போய்விட்டு வந்துவிட்டேன்.

கோபப்படாமல் கேளுங்கள். அன்று காலை எழுந்து வந்தால் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தாள். ஷுன்பெய்யின் கையெழுத்தில் தீவுக்குப் போகும் படகு நேரம் ஏழே முக்கால், திரும்பும் படகு நான்கு மணி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் புதிதாக வாங்கிய கருகான் இனிப்புப் பெட்டி, பரிசுத்தாள் சுற்றியபடி. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவரால் போகமுடியாது, தடை. நான் ஊழியர் இல்லை. எனக்கு வேறென்ன சொல்லவேண்டும்? குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

படகில் குழந்தை ஒரே அழுகை. கடைக்கதவு பாதி மூடியிருந்தது. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் இவாகிரி அக்கா மாவுக்கட்டோடு உட்கார்ந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நான் தெரிந்தேன்.

"யாரு? கடை இல்லம்மா, பாத்தாத் தெரியல?"

பெயரைச் சொன்னேன்.

"அட, பைலட் பொண்டாட்டியா! ஒரு மாசத்துக்கு மேலா ஒரு காக்கா எட்டிப் பாக்கல. உங்க ஊர்ல எல்லாருக்கும் காலு ஒடஞ்சு போச்சா?"

தரையில் நெற்றி படக் குனிந்தேன். "தப்பு எங்க மேலதான் அக்கா. மன்னிச்சிடுங்க." எத்தனை நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. முதுகில் இருந்த கோஹாரு என் கூந்தலைப் பிடித்து இழுத்தாள்.

"போதும், எழுந்திரு. குழந்தை தலைகீழாத் தொங்குது. இப்படிக் குடு. என்ன பாக்கற? எடது கை நல்லாத்தானே இருக்கு" என்று வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பினேன். "அலை அதிகமா?" என்று கேட்டார் இவர். "இல்லை" என்றேன். மேசைமேல் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை, அண்ணா. ஒரு வார்த்தை பேசாமல் அவர் என்னை அனுப்பினார், ஒரு வார்த்தை கேட்காமல் நான் போய்வந்தேன்.

நீங்கள் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும்
ஷிஹோ


டோக்கியோ
ஏப்ரல் 27, 1998

ஷிஹோவுக்கு,

பூக்காலம் முடிந்து மரங்கள் பச்சையாகிவிட்டன. நலமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இனி ஒன்றும் எழுதாதே. எனக்கும் சரி, வேறு யாருக்கும் சரி.

சொறி ஆறிவிட்டதா?

தகாயுகி


ககோஷிமா
மே 10, 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இப்போதே புழுக்கம். உங்களுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, கடிதம் நான்கு வரிதான் வந்தது. சொறி ஆறிவிட்டது. இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு.

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் யாரிடம் போவேன்? தீவில் எல்லோருக்கும் தெரிந்து, கம்பெனி மேலாளர் காதுக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை வீட்டுக்கே வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, செருப்பு விடும் இடத்திலேயே நின்று, "அம்மா, ஒரு இனிப்புப் பெட்டியக் குடுத்து மொத்தப் பாலிசியிலயும் ஓட்ட போட்டுட்டீங்களே! எங்க பைலட்டுங்களக் கட்டிப்போட்டேன், அவங்க பொண்டாட்டிங்களையும் கட்டிப்போடணும்னு எனக்குத் தோணலையே!" என்றார். பிறகு அவரே குனிந்து, சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவாகிரி அக்காவின் மணிக்கட்டுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டுமாம், அதுவும் நிற்கிறது. செய்யாமல் விட்டால் அந்த விரல்களால் கத்தரி பிடிக்க முடியாதாம். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. நானாகப் போனேனா, இவர் அனுப்பிப் போனேனா? நானாகப் போயிருந்தால் அது ஏதோ ஒரு பெண் சொன்ன வார்த்தை, பாலிசியைத் தொடாது. கணவர் அனுப்பியிருந்தால் அது விமானியே ஒப்புக்கொண்ட மாதிரி.

அண்ணா, அதற்குப் பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், எழுதியிருக்கிறேனே. உண்மையைச் சொன்னால் அக்காவின் கை போய்விடும், இவருடைய வேலையும் போய்விடும். பொய் சொன்னால் யாரிடம் மன்னிப்புக் கேட்டேனோ அவரை வைத்தே பொய் சொன்னதாகும். என்ன சொல்லட்டும்? குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும்போதுகூட இதே நினைப்பு. நேற்று ஸ்பூனை அவள் காதில் வைத்துவிட்டேன்.

சீக்கிரம் எழுதுங்கள். உடம்பு பத்திரம்.

ஷிஹோ


டோக்கியோ
ஜூன் 30, 1998

ஷிஹோவுக்கு,

மழைக்காலம். இந்த மாதத்தில் இரண்டு குடைகளைத் தொலைத்துவிட்டேன். தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். கோஹாருவுக்குப் பல் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனை?

நீ கேட்ட விஷயத்தில் நான் யோசனை சொல்ல முடியாது. கம்பெனியின் வக்கீலைக் கேள். அவர் நல்லவர் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு வயிறு மறுபடியும் கொஞ்சம் தொந்தரவு. பெரிதாக ஒன்றுமில்லை.

தகாயுகி


ககோஷிமா
ஜூலை 21, 1998

அண்ணாவுக்கு,

வெயில் கடுமை. நலம் விசாரித்து எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

பல் நான்கு.

போன வாரம் பாதுகாப்புக் கருத்தரங்கு ஒன்றுக்குக் கம்பெனி இவரை ஃபுகுவோகா அனுப்பியது. அங்கே சோல் மாநாட்டின் முன்னறிவிப்புப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்களாம். "உன் அண்ணன் பேரு அட்டையிலயே போட்டிருக்கு" என்று பெருமையாக எடுத்துவந்து கொடுத்தார். பதினான்காம் பக்கம். "கற்பனை வழக்கு: விமானி அ. அவர் மனைவி ஆ கைக்குழந்தையுடன் படகேறிச் சென்று, காயமுற்ற பயணி இ-யிடம் மன்னிப்புக் கோருகிறார். மனைவி அனுப்பப்பட்டவரா?" கீழே உங்கள் பெயர். அதற்குக் கீழே உங்கள் அலுவலகத்தின் பெயர்.

இன்சூரன்ஸ்காரர்களின் வக்கீல்கள் கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் தலைப்பை மேலாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே அலுவலகம்.

எதிர்த் தரப்பு வக்கீலிடமே "என்ன சொல்லட்டும்" என்று கேட்டிருக்கிறேன். எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும்?

உங்களுடைய ஆ-வின் முதுகில் ஒரு குழந்தை இருந்தது. அதற்குப் பெயர் கோஹாரு.

ஷிஹோ


டோக்கியோ
ஆகஸ்ட் 3, 1998

அன்புள்ள ஷிஹோவுக்கு,

வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் மார்ச் கடிதம் ஏப்ரல் முதல் தேதி கிடைத்தது. சோல் பேச்சுக்குச் சுருக்கம் அனுப்ப ஒன்பது நாள்தான் இருந்தது. படித்ததும் தங்கை என்ன செய்துவிட்டாள் என்று பதறவில்லை. எவ்வளவு அழகான கேள்வி என்று நினைத்தேன். பெயர்களை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன். இதைச் சொல்லத்தான் எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஏப்ரல் இருபதாம் தேதி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. அதே தீவு, அதே விமானம். இன்சூரன்ஸ் தரப்புக்கு நான். விமானி என் தங்கையின் கணவர் என்று அந்த நிமிடமே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கோப்பு என்னிடம் இருந்தால் உங்களுக்கு நல்லது செய்யலாம் என்று நினைத்தேன். அது ஆணவம். லண்டன் இன்சூரன்ஸ்காரர்கள் வாராவாரம் கேட்கிறார்கள், அவள் அனுப்பப்பட்டவளா என்று. அதன் பதில் என் வீட்டு இழுப்பறையில், காலுறைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால் நான் அண்ணன் இல்லை. மறைத்துக்கொண்டு வேலை செய்தால் வக்கீல் இல்லை. அதனால்தான் குடையைப் பற்றி எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை உறவைச் சொல்லிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அலுவலகத்துப் பெரியவர் கேட்டார். விமானப் பிரிவிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். சோல் மேடையில் என் இடத்தில் வேறொருவர் பேசுவார்.

செப்டம்பரில் இன்சூரன்ஸ் தரப்பில் குரிஹாரா என்று ஒரு பெண் வக்கீல் உன்னைப் பார்க்க வருவார். நேர்மையானவர். அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பார். என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீ என்ன சொன்னாலும், உன் கடிதத்தைக் காட்டி உன்னை மறுக்கவும் மாட்டேன்.

தகாயுகி


ககோஷிமா
செப்டம்பர் 23, 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

புயல் நேற்றுக் கடந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? உங்கள் கடிதத்தை ஏழு வாரம் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். கோபம் தீரவில்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது.

குரிஹாரா வருவதற்கு முந்தின நாள் காலை, மிசோ சூப் ஊற்றும்போது இவரிடம் சொல்லியே விட்டேன்.

"நாளைக்கு அவங்க கேட்டா உண்மையச் சொல்லப் போறேன். படகு நேரம் எழுதி வெச்சு என்னை நீங்கதான் அனுப்பினீங்கன்னு."

சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "உன்னையா?"

"பின்ன யாரை?"

"கைக்குழந்தையோட, மார்ச் மாசக் கடல்ல, உன்னை அனுப்புவேனா? உனக்குப் பைத்தியமா? அது எனக்கு எழுதினது. வேலைய விட்டுத் தூக்கினாத் தூக்கட்டும், போய் அந்தம்மா முன்னாடி நிக்கணும்னு முடிவு பண்ணி, பெட்டியும் வாங்கி வெச்சேன். குளிச்சிட்டு வந்து பாத்தா நீயும் இல்ல, குழந்தையும் இல்ல, பெட்டியும் இல்ல."

"அப்ப சாயங்காலம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"என் வேலை போகக்கூடாதுன்னு நீ முந்திக்கிட்டேன்னு நெனச்சேன். காப்பாத்தினவகிட்ட 'ஏன் போனே'ன்னு எப்படிக் கேக்கறது? அன்னிலேருந்து உன் முகத்தப் பாக்கவே வெக்கமா இருந்தது, போ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவர் வெட்கப்பட்டு ஒதுங்கி இருந்ததைத்தான் ஆறு மாதமாக நெருக்கம் என்று நினைத்திருக்கிறேன். கோஹாரு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

குரிஹாராவிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. தாள், பெட்டி, நான் நினைத்தது, இவர் நினைத்தது எல்லாம் சொன்னோம். அவர் என்னைத் தனியாகவும் இவரைத் தனியாகவும் கேட்டார். இரண்டு முறை பேனாவை மூடினார், இரண்டு முறை திறந்தார். கிளம்பும்போது வாசலில், "போகணும்னு நெனச்சது ஒப்புதல் ஆகாதுங்க. ஆனா இத லண்டனுக்கு எப்படி எழுதறதுன்னுதான் தெரியல. புருஷன் பொண்டாட்டி ஆறு மாசம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுக் கேக்கவே இல்லியான்னு கேப்பாங்களே" என்றார். பதில் இன்னும் வரவில்லை.

அண்ணா, மார்ச் கடிதத்தில் நான் எழுதியது நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றை இழுப்பறையில் வைத்துக்கொண்டு நீங்கள் கோப்பையும் மேடையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஷிஹோ


டோக்கியோ
அக்டோபர் 18, 1998

அன்புள்ள ஷிஹோவுக்கு,

இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. வயிறு சரியாகிவிட்டது. மருந்தால் இல்லை என்று நினைக்கிறேன். இப்போது எனக்குக் கப்பல் சரக்கு வழக்குகள். நனைந்த சோயாபீன்ஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நடக்காத ஒன்றுக்காக நான் விலகவில்லை. அந்த மூன்று மாதம் நடந்ததுதான். அதற்கு இது சரியான விலை.

சோலிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். அந்த வழக்கை இரண்டு மணிநேரம் அலசினார்களாம். கடைசியில் கையைத் தூக்கச் சொல்லிக் கணக்கெடுத்தார்களாம். அனுப்பப்பட்டவள் என்று நாற்பத்தொரு பேர், இல்லை என்று முப்பத்தேழு பேர். அந்தக் கணவர் அன்று தானே கிளம்ப இருந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது.

ஒன்று கேட்கிறேன். நாம் யாரும் செய்யாத மாதிரி நேரடியாகக் கேட்கிறேன். நவம்பரில் நான் ககோஷிமா வந்தால் ஷுன்பெய் என் முகத்தைப் பார்ப்பாரா?

தகாயுகி


ககோஷிமா
அக்டோபர் 27, 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது, வரும்போது கம்பளிக் கோட்டு எடுத்து வாருங்கள். கோஹாரு நாற்காலியை விட்டுவிட்டுத் தள்ளாடி நடக்கிறாள். நான் பின்னாலேயே கைகளை விரித்துக்கொண்டு அலைகிறேன்.

நேற்று லண்டனிலிருந்து பதில் வந்துவிட்டது. பாலிசி செல்லும். அக்காவுக்கு நவம்பர் பன்னிரண்டு அறுவை சிகிச்சை, இங்கே பெரிய மருத்துவமனையில். கையில் முழு பலமும் வருமா என்று மருத்துவர் சொல்லவில்லை. இவர் போய்ப் பார்க்கவும் அனுமதி தந்திருக்கிறார்கள், என்னென்ன சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதி. இன்று காலை விமானத்திலேயே தீவுக்குப் போய் வந்தார். உள்ளே நுழைந்து குனிந்ததும் ஒரு வரி ஞாபகம் வரவில்லையாம். அக்காதான், "பேப்பர் இருக்கா தம்பி? இருந்தாப் படிச்சிடு. படிச்சிட்டு அந்த ஜன்னலச் சாத்து, காத்து வருது" என்றாராம்.

நீங்கள் கேட்டதை இவரிடம் அப்படியே கேட்டேன். ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நானும் விடாமல், "இந்தத் தடவ வாயத் தொறந்து சொல்லுங்க, நான் ஊகிக்கப் போறதில்ல" என்றேன்.

"வரட்டும். ஆனா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அந்தம்மாவுக்குப் புஸ்தகத்துல 'இ'ன்னு பேரு வெச்சவரு அவருதானே" என்றார்.

பிறகு ஷூவை மாட்டிக்கொண்டே, "அவரு இப்ப இதுல யாருக்கும் வக்கீல் இல்லியே. யாரு அனுமதியும் வேண்டாம்னு சொல்லு" என்றார்.

பதின்மூன்றாம் தேதிக்குமேல் பார்வையாளர்களை விடுவார்களாம். மூன்றாவது மாடி.

ஷிஹோ